மகள் ஊருக்கு இருபத்தொரு சென்டிமீட்டர்

சோபாக்காரம்மா என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் வழி சொல்வார்கள். வீட்டின் முன்னறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கிழிந்த சோபாக்களுக்கு உறை தைக்கிறாள். நாலு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டே பேரம் பேசுவாள். ஆணியும் விழாது, விலையும் இறங்காது.

கண்காணாத ஊரில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள். குறுக்கே நின்றது அவளுடைய இடது கால்தான். போன வருஷம் அதில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "விமானத்துல பதினாலு மணி நேரத்துக்கு மேல உட்காரவே கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் ஊருக்கு விமானத்தில் பன்னிரண்டு மணி நேரம் என்று போன் காட்டியது. மூத்தார் நம்பவில்லை. கணவரின் அண்ணன், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்தார்.

"பதினாறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம்னு வச்சாலும் பதினெட்டு மணி நேரம் தாண்டுதும்மா. போன் ஆயிரம் சொல்லும், கால் யாரோடது?"

அண்ணன் போட்ட கணக்கைக் கணவர் ஆயுசில் சரிபார்த்ததில்லை. டிக்கெட் பேச்சு அதோடு நின்றுபோனது.

அவள் ரெண்டு நாள் ஒரு உருண்டைத் திண்டுக்கு உறை வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில், மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த உலக உருண்டையைத் தூசி தட்டி மேஜையில் வைத்தாள்.

"அத்தான், பூமியோட இடுப்புச் சுற்றளவு எவ்வளவு?"

"நாற்பதாயிரம் கிலோமீட்டர். ஏன், உறை தைக்கப்போறியா?"

"ஆர்டர் வந்தா தைப்பேன்."

டேப்பைச் சுற்றினாள். எண்பது சென்டிமீட்டர்.

"அப்போ ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு" என்று மூத்தாரே சொல்லிவிட்டார். கணக்கைக் கண்டால் அவருக்கு வாய் நிற்காது.

உருண்டையில் இரண்டு ஊரும் வடக்கே ஒரே மட்டத்தில் இருந்தன. தைக்கிற நூலின் ஒரு நுனியைத் தங்கள் ஊர்மேல் அழுத்திக்கொள்ளச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தாள். மறுநுனியை மகள் ஊரில் பிடித்து, மூத்தார் ஸ்கேல் வைத்த மாதிரியே நேர் கிழக்காகப் படியவைத்தாள். பிறகு மெல்ல இழுத்தாள். நூல் படிந்த இடத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே வடக்கே ஏறி, வெள்ளையாகப் பனி வரைந்திருந்த பக்கம் போய் விறைத்து நின்றது. நாலு சென்டிமீட்டர் நூல் அவள் கையில் மிச்சம்.

"பனி மேல எதுக்குப் போகணும்? நேரா போக வேண்டியதுதானே?"

"இழுத்துப் பிடிச்சதாலதான் அங்க போச்சு அத்தான். உருண்டையைத் தாள்ல விரிச்சா மேல்பக்கம் இழுபட்டு நீளமாத் தெரியும். உருண்டைத் திண்டைத் தாள்ல தட்டையா வரைஞ்சு, அந்த அளவுக்கு வெட்டி, முதல் வருஷம் எத்தனை துணியைப் பாழாக்கினேன்னு உங்க தம்பியைக் கேளுங்க."

"அஞ்சு" என்றார் கணவர். அவள் திரும்பிப் பார்த்ததும், "ஆறும் இருக்கும்."

மூத்தார் நூலைத் தானே வாங்கி மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் அது வடக்கேதான் ஏறியது. ஸ்கேலில் வைத்தார். இருபத்தொன்று. தாளில் வகுத்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் உள்ளே. ஸ்கேலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தப்பு என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

"டிக்கெட்டைப் போடுடா. ஜன்னலோரம் வேணாம், நடக்கிற பக்கமா போடு. மணிக்கொரு தடவை எழுந்து நடக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

"சரி அத்தான்" என்றாள். அதற்குள் ஆணி உதட்டுக்குப் போயிருந்தது. முன்னறையில் மூன்று சோபாக்கள் எலும்பும் பஞ்சுமாகக் கிடந்தன. பிரசவத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள்.