வெள்ளையம்மா ஊற்றிய அமோனியா

வெண்மையாக எதைக் கண்டாலும் வெள்ளையம்மா அத்தை சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். தேங்காய்ப்பால், மோர், ஒருமுறை எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு வாளி. இலங்கையின் புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் பால் வெட்டியவர். வாளிப் பால் தொழிற்சாலைக்குப் போகுமுன் உறைந்தால் உழைப்பெல்லாம் வீண். அதைத் தடுக்க மழைக்காலத்தில் ஆளுக்கொரு சின்னப் போத்தல் அமோனியா கொடுப்பார்கள்.

தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி நான். அதனால் லயத்துக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். 2006இல் யூரோப்பியம் கலந்த இற்றியம் ஒட்சைட்டு செய்துகொண்டிருந்தேன். புற ஊதா விளக்கடியில் சிவப்பாக ஒளிரும் அருமண் நுண்தூள். மற்றவர்கள் ஆயிரம் பாகை வெப்பத்துக்கு மேல் சுடுவதை அறுநூற்றில் முடிப்பதாகப் பேராசிரியரிடம் வீறாப்புப் பேசி, மூன்று முறை தோற்றிருந்தேன். மிஞ்சியது ஒரு கண்ணாடி முகவைக் கரைசல். அதுவும் போனால் ஆய்வும் போகும். பல்கலைக்கழக வேலைநிறுத்தத்தில் ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட, அதை ஊருக்குக் கொண்டுவந்து யூரியா சேர்த்து, அத்தையின் அடுப்பில் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்தேன். மெல்ல மெல்ல வெண்மை படிய வேண்டும்.

"பாத்துக்குங்க அத்தை, குளிச்சிட்டு வந்துர்றேன்."

வந்தபோது முகவைக்குள் கூழ். அறை முழுக்க அமோனியா நெடி.

"என்னா செஞ்சீங்க?"

"வெள்ளையாத் திரும்பிச்சு. உறையப் பாக்குதுன்னு எம்போத்தல அப்படியே ஊத்திட்டேன்."

"அது ரப்பர் பால் இல்ல அத்தை."

"தெரியும்டா. அதுக்காகக் கெட்டுப்போக விடுறதா? இம்புட்டுப் படிச்சும் ஒரு பாலப் பாத்துக்கத் தெரியல."

ரப்பர் பாலை உறையவிடாத அதே அமோனியா என் கரைசலை நொடியில் உறையவைத்திருந்தது. லயமே கேட்கக் கத்தினேன். மறுநாள் வேலைக்குப் போக அத்தை பக்கத்து லயத்து ஷாமிளாவிடம் ஒரு போத்தல் கைமாற்று வாங்கினார்.

கொட்ட மனமில்லாமல் கூழைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போனேன். அறுநூறு பாகையில் சுட்டதும் விளக்கடியில் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. துகள்களும் நான் கனவு கண்டதைவிடச் சிறியவை.

"அமோனியா யோசனை எப்படி வந்தது?" என்றார் பேராசிரியர்.

"வாசித்ததில், சேர்."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் ஆய்வுகூடக் காவலாளி வரை எல்லோரும் இருக்கிறார்கள். அத்தை இல்லை. அடுத்த மழைக்கு முன்பே அவர் இறந்துபோனார். கருமாதியன்று ஷாமிளா என்னை ஓரமாக அழைத்தாள்.

"அத்தை வாங்குன போத்தல் இன்னும் வரலிங்க. கேட்டா, 'தம்பி பரீச்சைக்கு ஊத்திட்டேன், அவன்கிட்ட கேளு'ன்னுச்சு."

"எந்தப் பரீட்சை?" என்றேன்.

ஷாமிளா திரும்பிப் போய்விட்டாள். அந்தப் போத்தலை இன்னும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.