உள்ளே வந்தார்

காவல் நிலையத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘காது’. நேரில் ‘சார்’ என்பார்கள். அவர் படியிறங்கிப் பாதி தூரம் போவதற்குள் “காது கிளம்பிடுச்சு” என்பார்கள். அதுவும் அவர் காதில் விழும். விழாமல் என்ன செய்யும்? பிறர் வாய் தவறி விட்ட சொல்லைப் பொறுக்கி எடுத்து ஆராய்வதற்குத்தானே அவருக்குச் சம்பளம்.

அதற்கு முன்பு அவர் கல்லூரியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற புதிதில், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு வந்த மிரட்டல் கடிதத்தை இன்ஸ்பெக்டர் கொண்டுவந்து காட்டினார். கையைக் காலை எடுப்பதாக அதில் எழுதியிருந்தது. இவர் இரண்டு முறை படித்தார். “இவ்வளவு கோவத்துலயும் ஒரு ஒற்று விடலை பாருங்க. அச்சகத்துல பிழை திருத்தறவனாத்தான் இருப்பான்” என்றார். அப்படித்தான் இருந்தான். அன்றைக்குப் பிடித்தது வேலை. பிடிபட்ட ஆளின் தமிழை மட்டும் அவர் இன்றைக்கும் மெச்சுவார்.

விசாரணையில் பேசுகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து கொடுப்பார்கள். நிலையத்தின் மாடியில், முன்பு பிடிபட்ட சைக்கிள்களைப் போட்டுவைத்த அறையில் உட்கார்ந்து, உறை கிழிந்து ஒட்டுப் போட்ட ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். யார் எந்த இடத்தில் திணறினார்கள், ‘நான்’ எங்கே ‘நாங்க’ ஆயிற்று என்பதையெல்லாம் குறித்துக் கொடுப்பார். நாள் முழுக்க அந்த அறையில் ஆட்கள் அழுவார்கள், சத்தியம் செய்வார்கள், தண்ணீர் கேட்பார்கள். அவரைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மளிகைக் கடையில் பின்னால் ஒரு குரல் கேட்டால், இது மச்சான் மேல் புகார் கொடுத்தவன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் திரும்பிப் பார்த்து “சௌக்கியமா?” என்று கேட்க முடியுமா? அவனுக்கு இவரை யாரென்றே தெரியாது.

வீட்டிலும் பேச ஆளில்லை. மருமகளின் பிரசவத்துக்கு என்று மகன் வீட்டுக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். பிறந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் சண்டை போடவே முடியாது. கோபத்தில் அவள் ஒன்று சொன்னால், அதில் ‘எப்பவும்’ என்ற சொல் எதற்கு வந்தது என்று கேட்பார். “உங்ககிட்ட வாயைத் திறக்கணும்னா பக்கத்துல ஒரு வக்கீலை வெச்சுக்கணும்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குப் போன் செய்வதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது என்பது மகனின் கேலி. அவரும் சிரித்தார். கேலி செய்கிறவன் போன் செய்வதையே குறைத்துக்கொண்டான் என்பது பிறகுதான் உறைத்தது.

இப்படி இருந்தவரிடம் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் ஒரு பதிவைக் கொண்டுவந்தார்.

மோட்டார் காயில் கட்டுகிற மெக்கானிக் ஒருவர் தன் வீட்டு மாடிப்படியின் அடியில் தலையில் அடிபட்டு இறந்துகிடந்தார். கால் தவறி விழுந்திருக்கலாம், யாராவது தள்ளியும் இருக்கலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மெக்கானிக்கின் மனைவி சில வருஷங்களுக்கு முன்பே அவரை விட்டுப் பிரிந்து, சட்டைக் கம்பெனியில் பட்டன் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்து, விடுதியில் தங்கியிருந்தாள். அவள்தான் தள்ளினாள் என்று மெக்கானிக்கின் அண்ணன் புகார் கொடுத்திருந்தார்.

“நான் அந்தத் தெருப் பக்கமே போகல சார்” என்று ஹெட்போனில் அவள் குரல் சொன்னது. கொஞ்சம் கழித்து, அன்று என்ன நடந்திருக்கும் என்று கேட்டதற்கு, “சாயங்காலம் உள்ள வந்தாரு. லைட்டுகூடப் போடல. அப்படியே மாடிப்படி ஏறியிருக்காரு” என்றாள்.

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. மத்தியானம் கம்பெனி வாசல்ல பார்ப்போம்.”

பக்கத்து வீட்டம்மாவோ, அவளிடம் பேசியே வருஷக்கணக்காகிறது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். எனவே எல்லாம் ‘வந்தாரு’ என்ற அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அந்த இடத்தை மட்டும் அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தார். இவரும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எழுதினார்: ‘வெளியே நின்று பார்த்தவர் உள்ளே போனார் என்பார். பிறர் சொல்லக் கேட்டவரும் அப்படியே சொல்வார். உள்ளே வந்தார் என்பவர் உள்ளே இருந்தவர்.’

“ஒரே சொல்லுல அமுக்கிட்டீங்க சார்” என்று இன்ஸ்பெக்டர் கையைக் குலுக்கினார். அந்தப் பெண் ரிமாண்டில் சிறைக்குப் போனாள். அன்று மாலை இவர் வழக்கத்தை விட ஒரு டம்ளர் காபி கூடுதலாகக் குடித்தார். பெருமைதான், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி போன் செய்தாள். மருந்து சாப்பிட்டாரா, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, “அடுத்த மாசம் குழந்தைக்கு லீவு விடறாங்க. அப்ப ஒரு தடவை வந்துட்டுப் போறேன்” என்றாள்.

“என்ன சொன்ன?”

“வந்துட்டுப் போறேன்னேன்.”

“எங்க போற?”

“வீட்டுக்குத்தாங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. “ஆரம்பிச்சுட்டீங்களா? ஏதோ வாய் தவறி வந்துடுச்சு. அதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க.”

அவர் பெரிசு பண்ணவில்லை. “சரி, வா” என்று மட்டும் சொன்னார். ‘வந்தா இரு’ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டார். சமையலறை அலமாரியில் அவள் புடவைத் துணியில் தைத்துப் போட்ட பிடிதுணிகள் இருந்தன, பீரோவில் பாதி அவளுடையது, வாசல் பலகையில் அவள் பெயரும் இருந்தது. ஆனால் அவளுடைய ‘இங்கே’ எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தது. வருகிறவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிதான் வந்துவிட்டுப் போவார். இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறோம், இனியும் தனியாகத்தான் இருக்கப் போகிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாகப் புரிந்தது.

அப்புறம்தான் அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது. உடம்பு ஓர் இடத்தில் இருக்க, ‘இங்கே’ வேறொரு வீட்டில் இருக்கலாம் என்றால், அந்தச் சட்டைக் கம்பெனிப் பெண்?

மறுநாள் காலையில் நிலையத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே மாடியேறிப் பதிவை முதலிலிருந்து போட்டார். விசாரணை தொடங்குமுன் இன்ஸ்பெக்டர் அவளைச் சகஜமாக்க ஊர்க்கதை பேசியிருந்தார். அதை இவர் அன்று தாண்டிப் போயிருந்தார்.

“அந்த வீட்டுப் பின்கதவு இறுகிக்கும் சார். கொஞ்சம் தூக்கி இழுக்கணும்” என்றாள். “போன மழைக்குக் கூடத்துல தண்ணி வந்துடுச்சு. தொடச்சு மாளல” என்றாள். அந்த மழையின்போது காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததாக இன்னோர் இடத்தில் அவளே சொல்லியிருந்தாள். பிறகு லேசாகச் சிரித்தபடி, “இப்ப ஒரு வெள்ளைப் பூனை வருது சார். விரட்டினாலும் திரும்பத் திரும்ப வருது” என்றாள்.

தண்ணீர் வந்தது, பூனை வந்தது, அவரும் வந்தார். விடுதியில் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குள்ளேயேதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார்.

“நான் எழுதினது தப்பு சார். அந்தப் பொண்ணு அங்க இல்ல.”

“விளையாடறீங்களா? கோர்ட்டுல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.”

“என்னையும்தான்.”

“இனிமே உங்க ரிப்போர்ட்டை எவன் நம்புவான்?”

“நம்ப வேணாம். பக்கத்து வீட்டம்மாவை இன்னொரு தடவை கூப்பிடுங்க. பேசினியா இல்லையான்னு கேக்காதீங்க. அதுக்குப் பதில் தயாரா வெச்சிருப்பாங்க. பூனையைப் பத்திக் கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் வேண்டா வெறுப்பாகத்தான் கேட்டார். பக்கத்து வீட்டம்மா எதற்கெதற்கோ பயந்து வந்திருந்தாள். பூனைக்குப் பயந்து வரவில்லை. “ஆமா சார், ரெண்டு மாசமா வருது. சோறு வெக்காதீங்கக்கா, அப்புறம் போகாதுன்னு அவகூடச் சொன்னா” என்றவள், சொன்னதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தினமும் கம்பெனி வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்து அந்த வீட்டுச் சங்கதியைச் சொல்வது அவள்தான். அன்று மாலை மெக்கானிக் பூட்டைத் திறந்து, விளக்குப் போடாமல் தனியாக உள்ளே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அவள்தான். தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரான அண்ணன்காரருக்குத் தெரிந்தால் குடியிருக்க விடமாட்டார் என்று மறைத்துவிட்டாளாம்.

அந்தப் பெண்ணை விட்டார்கள். கையெழுத்து வாங்க அவளை நிலையத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். புகார் கொடுத்தவருக்குக் காரணம் தெரிய வேண்டும் என்று அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். இவர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். குரலை வைத்து உயரமானவளாக நினைத்திருந்தார். அவள் குள்ளமாக, தலைமுடி முன்னால் நரைத்து, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ரைட்டர் கனைத்துக்கொண்டு இவருடைய இரண்டாவது அறிக்கையைப் படித்தார். “இவர் அந்த வீட்டைவிட்டு வெளியேறி வருடங்கள் ஆகியும், இவரது பேச்சில் ‘இங்கே’ என்பது இன்றளவும் அந்த வீடே ஆகும். அங்கு நடப்பவை யாவற்றையும் உள்ளே இருப்பவர் போலவே இவர் கூறுகிறார். கணவரைப் பற்றிய கூற்றும் அவ்வாறானதே.”

அண்ணன்காரர் மூக்கால் சிரித்தார். “கூப்பிட்டு அனுப்பினப்ப எல்லாம் வரவே மாட்டேன்னு வீராப்பு. மனசு பூரா இங்கதான் கெடந்துச்சாக்கும்.”

வாசலில் நின்ற காவலர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் கறுத்துவிட்டது.

“இதை எழுதினது யாரு?” என்று கேட்டாள்.

அவர் எழுந்து நின்றார். “நான்தாம்மா.”

“நான் தள்ளினேன்னு எழுதினதும் நீங்கதானா?”

“ஆமா.”

“அது பொய். ஊரே நம்பினாலும் பொய்னு தெம்பா இருந்தேன்” என்றாள். “இது என் ஒருத்தியோட இருந்துச்சு சார். இதை ஏன் இப்படி எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீங்க?”

அவளை வெளியே கொண்டுவரத்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த வரிகளை எழுதும்போது, இவ்வளவு நன்றாக ஒருத்தியைப் புரிந்துகொண்டோமே என்று தனக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததையும் அவர் அறிவார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். இவரும் பின்னாலேயே வந்தார். படியருகில் அவள் நின்று, கோபம் கொஞ்சம் வடிந்த குரலில் கேட்டாள்.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க, நான் அங்கயே இருக்கேன்னு?”

“கேட்டுக் கேட்டுப் பழக்கம்மா.”

“உங்க வீட்டுல யாரு சார் இருக்காங்க?”

“நானும் என் வீட்டம்மாவும் இருக்கோம்” என்றார்.

நினைத்துச் சொன்னதல்ல. சட்டென்று வந்துவிட்டது. அந்த ‘இருக்கோம்’ அவர் காதிலேயே விழுந்தது. பதிவில் வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

அவள் அவருடைய கசங்கிய சட்டையையும், கழுத்துப் பக்கம் தப்பாகப் போட்டிருந்த பொத்தானையும் பார்த்தாள். நாள் முழுக்கப் பட்டன் பார்க்கிற கண். அதற்குத் தப்புமா?

“நேரமாச்சு, போங்க சார். அவங்க தேடுவாங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.