திரும்பிக் கெடந்த கல்லு

பெருமாள்மலைக்குக் கீழ ஓடைக்கரையில கல்லு பாக்க ஒரு காலேஜ் வாத்தியாரு வந்தாரு. நெட்டையான ஆளு, கோட்டு முழங்கையெல்லாம் செம்மண்ணு. அவரு பெட்டியச் சொமக்குறது என் சோலி. படிக்காத தலை உள்ளுக்குள்ள காலிதான, மேல பாரம் ஏத்தலாம்னு நெனச்சாரு போல.

கல்லக் கண்டா கண்ண மூடிக்கிட்டு வெரலால தடவுவாரு. பழைய ஆத்து மணலு எறுகிக் கல்லானாலும் அலை வரி அழியாதாம். மெல்ல ஏறி வெடுக்குனு எறங்குற பக்கம்தான் தண்ணி போன பக்கமாம்.

"இங்க இருந்த ஆறு அந்தக் காலத்துல மேக்க ஓடுச்சுப்பா. சொன்னா காலேஜே சிரிக்குது."

"என்னையப் பாத்து ஊரே சிரிக்குதுங்க. பழகிரும்."

அன்னைக்குக் கரையடியில ஒரு பலகைக்கல்லு கெடந்துச்சு. தடவிப் பாத்துட்டு, "மேக்கதான்!"னு என்னையக் கட்டிப்பிடிச்சாரு. பெறகு, மேல கரையில அது பேந்த எடத்துல தூக்கி வச்சுப் பாத்தாரு. முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பி வச்சாத்தான் பொருந்துச்சு. ஆறு கெழக்கதான் ஓடியிருக்கு.

"வெரசாப் பெட்டியில போட்ருவோங்க. திரும்பிக் கெடந்தத யாரு பாத்தா?"ன்னேன்.

"நான் பாத்துட்டேனேப்பா"ன்னு சொல்லிட்டு, அடுத்த கல்லத் தடவப் போயிட்டாரு.

நானா இருந்தா அந்த ஒரு கல்ல வச்சே சூரியனையும் மேக்க உதிக்க வச்சிருப்பேன். அந்த மனுசனுக்கு ஏன் மனசு வரலைன்னு இன்னமும் எனக்கு வெளங்கல.