சங்ககிரியில் மட்டும் பேசும் லாகின் பக்கம்

துருவிய கேரட், பீட்ரூட், அதன்மேல் புதினாச் சட்னி... தட்டுவடை செட் வாசனை மாடிப்படி ஏறி வந்துவிட்டால் எங்களில் ஒருத்தருக்கும் வேலை ஓடாது.

ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் கூடும் அறைக்கு நேர் கீழே அந்தத் தள்ளுவண்டி. நாங்கள் என்றால், ஓப்பன் சோர்ஸ் வெப்சைட் மென்பொருள் ஒன்றுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை சேலத்தில் கூடிய கும்பல். அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். எங்கள் பங்குக்கு அதைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். சம்பளம் கிடையாது. தட்டுவடை செட் உண்டு.

கும்பலுக்குத் தலைவி கோமதி. பள்ளிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். நாங்கள் எழுதுகிற வரிகளைப் பார்த்து ‘அப்ரூவ்’ பண்ணும் உரிமை எங்கள் பக்கத்தில் அவளுக்கு மட்டும்தான். அவள் அப்ரூவ் பண்ணினால், உலகத்தில் எங்கெல்லாம் அந்த மென்பொருள் தமிழில் ஓடுகிறதோ அங்கெல்லாம் அந்த வரி போய்விடும்.

அந்த உரிமையை வைத்துத்தான் வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலைக்கு இன்டர்வியூ வாங்கியிருந்தாள். கைக்குழந்தைக்காரி. அதை விட்டால் அவளுக்கு வேறு வேலை வாய்க்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருபவருக்குக் கூச்சம் போக, முதலில் வாய்க்கு வந்ததை டைப் பண்ணச் சொல்வோம். கடைசியில் கோமதி அதையெல்லாம் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் அப்ரூவ் பண்ணுவாள்.

அன்றைக்குப் புதிதாக வந்தவர் சரவணன், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீஸில் வேலை. பாஸ்வேர்டு தப்பானால் வரும் வரிக்கு அவர் எழுதியது: “ஏனுங்க சாமி, பாஸ்வேர்டு தப்புங்க. மறுக்கா போடுங்க.” முகப்புக்குப் போகும் ‘ஹோம்’ பட்டனுக்கு: “ஊட்டுக்குப் போங்க.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குள் பார்சல் வந்துவிட்டது. “சட்னியில ஊறிப்போச்சுன்னா நல்லாருக்காதுங்க, சீக்கிரம் வாங்க” என்று யாரோ கத்த, கோமதி அவசரமாக எதையோ அமுக்கிவிட்டு ஓடி வந்தாள்.

திங்கட்கிழமை நான் சங்ககிரியில், நல்லமுத்து அண்ணனின் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தேன். அவருடைய வெப்சைட்டை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அண்ணன் வழக்கம்போல பாஸ்வேர்டைத் தப்பாகத் தட்டினார்.

ஏனுங்க சாமி, பாஸ்வேர்டு தப்புங்க. மறுக்கா போடுங்க.

ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் சிரித்த சிரிப்பு இந்த ஸ்கிரீனுக்கு எப்படி வந்தது?

அண்ணன் முகமெல்லாம் பல். “அட, நம்ம பேச்சுலயே எழுதிப்போட்டீங்களா சாமி!”

“இல்லீங்கண்ணா, இது தப்பா வந்துருச்சுங்க. அடுத்த அப்டேட்ல போயிருமுங்க.”

வெளியே வந்து போனைப் பார்த்தால் குரூப் பற்றி எரிகிறது. யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று எங்கெங்கிருந்தோ கேள்விகள். என் வெப்சைட் என்னையே வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டுகிறதே என்று ஒருவர் கொதித்திருந்தார். விசாரணை முடியும்வரை கோமதியின் உரிமை நிறுத்தம் என்று அந்த மென்பொருளை நடத்தும் மேலிடத்துக்காரர்கள் எழுதிவிட்டார்கள்.

கோமதி அழுதுகொண்டே கூப்பிட்டாள். “எல்லாத்தையும் செலக்ட் பண்ணி அப்ரூவ் அமுக்கிப்போட்டேனுங்ணா. இன்டர்வியூல இதக் கேட்டா நான் என்னங்ணா சொல்லுவேன்?”

பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில், தன் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். தட்டுவடை செட் உட்பட. சரவணன் பெயரை மட்டும் எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லா வரிக்கும் சரியான தமிழ் எழுதி அனுப்பினாள்.

இன்டர்வியூவில் கேட்டது அது ஒன்றைத்தானாம். “நான்தான் பண்ணுனேன்னு சொல்லிட்டேனுங்ணா” என்றாள். வேலை கிடைத்தது. உரிமையும் திரும்பி வந்தது.

இதெல்லாம் ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால்...

போன வாரம் நல்லமுத்து அண்ணன் கூப்பிட்டார். வருஷக்கணக்காகத் தொடர்பே இல்லை. “சைட்டத் தொறந்தா சூதாட்ட விளம்பரமா வருதுங்க சாமி. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” போனேன். லாகின் பக்கத்தைத் திறந்து பழைய பாஸ்வேர்டைப் போட்டேன்.

ஏனுங்க சாமி, பாஸ்வேர்டு தப்புங்க. மறுக்கா போடுங்க.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேவிட்டேன். அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் அண்ணன் ஒரு அப்டேட் கூடப் போடவில்லை! திருடனுக்குக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன மாதிரி அத்தனை வருஷம்!

“ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?”

“அப்டேட் போட்டா இது போயிருமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சுத்தம் செய்து அப்டேட் போட்டேன். அண்ணன் பாஸ்வேர்டைத் தட்டினார். ‘தவறான கடவுச்சொல். மீண்டும் முயலவும்.’

வாய்விட்டு ஒருமுறை படித்தார். “இது யாருங்க பேசறது?” என்றார்.

சுருக்கென்றது. இப்போதெல்லாம் தமிழ் வரிகளை இயந்திரமே நிரப்பிவிடுகிறது. தப்பு குறைச்சல்தான். ஆனால் ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் யாரும் கூடுவதில்லை. குரூப்பில் குட்மார்னிங் படங்கள் மட்டும் வருகின்றன.

கோமதிக்கு விஷயத்தை எழுதிப்போட்டேன். மீட்டிங்கில் இருந்திருப்பாள். மத்தியானத்துக்குள் ஒரு குட்டி ஃபைல் வந்தது, கூடவே குரல் பதிவு: “இத அவரு சைட்டுல மட்டும் போடுங்ணா, அப்டேட் வந்தாலும் போகாது. இதுக்கு யாரும் அப்ரூவ் பண்ண வேண்டியதில்லீங். அவரு சைட்டு, அவரு பேச்சு.”

போட்டுக் கொடுத்தேன். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்த வரி, இப்போது சங்ககிரியில் ஒரே ஒரு சைட்டில் இருக்கிறது.

புது பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்தேன். அண்ணன் அதை ஓரமாக வைத்துவிட்டு, வேண்டுமென்றே தப்பாகத் தட்டினார்.