முகம் மறைந்தது, கால் கட் ஆகவில்லை

சின்ன காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டுச்சேலைக் கடையில், இன்று காலை கம்ப்யூட்டரில் வீடியோ கால் போட்டு ஓர் அக்காவுக்குச் சேலை காட்டினேன்.

எதை விரித்தாலும், "இன்னும் பளிச்சுனு காட்டும்மா" என்றார். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மேலே இருந்த பட்டனை அழுத்தினேன். அவர் முகம் மறைந்தது.

பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த தேவியிடம், "இது வாங்கற கேஸே இல்லடி. பொழுதுபோகாம பேசிக்கினு இருக்குது" என்றேன்.

"நான் இன்னும் லைன்லதாம்மா இருக்கேன்" என்றது ஸ்பீக்கர்.

திரையின் அடியில் இருக்கும் ஐகான் வரிசையைப் பார்த்தேன். வீடியோ கால் ஐகானின் கீழே சின்னக் கோடு. கோடு இருந்தால் அந்த ஆப் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். நான் மூடவில்லை, மினிமைஸ்தான் செய்திருக்கிறேன்.

"எங்கம்மாவுக்குப் பார்வை மங்கிடுச்சு. அவங்க கண்ணுக்குத் தெரியற கலரா தேடினேன், அதான் லேட்டு."

"மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"பரவால்ல. அந்த மாம்பழ மஞ்சளை இன்னொருவாட்டி காட்டு."

அதையே எடுத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

இந்த முறை அவரே கட் செய்து, நான் ஆப்பையும் மூடி, அந்தக் கோடும் மறையும்வரை நானும் தேவியும் வாயே திறக்கவில்லை.

உங்களில் யாராவது இப்படி மாட்டியிருந்தால் கமென்ட்டில் வாருங்கள். தனியாக வெட்கப்பட முடியவில்லை.