என் கையைப் பார்த்துக் கலந்த கறுப்பு

பொத்தேரியில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாடகங்களை வரிசையாக மேடையேற்றினார்கள். முதல் நாடகத்தின் நாயகி, நிறத்துக்காக வேலையிலிருந்து துரத்தப்படும் ஒரு தையல்காரி. அந்த வேடத்துக்காக வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு நடிகர் தேர்வுக்குப் போனேன். நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். நல்ல கறுப்பு.

நான் நடித்து முடித்தபோது, இயக்குநரான பேராசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வேடத்தை என் வகுப்புத் தோழி நிவேதாவுக்குக் கொடுத்தார்.

"நீ பிரமாதமா பண்ணினேம்மா. ஆனா லீட் ரோல்னா மேடையில எடுப்பா தெரியணும்ல?" என்றார். எனக்கு உடைகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது.

நாடகத்தன்று, சிவந்த நிறமுள்ள நிவேதாவுக்குப் பூச மேக்கப்காரர் கறுப்புச் சாயம் குழைத்தார். எவ்வளவு கறுப்பு வேண்டும் என்று கேட்டார்.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். "இவ கையைப் பாத்துக் கலந்துக்குங்க. கரெக்டா வரும்."

என் முன்கையில் சாயத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கடைசியாகத் தடவியது தோலோடு கலந்து காணாமலே போனது. "சூப்பர்!" என்றார் பேராசிரியர். நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

நாடகம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்த அம்மாவும் அழுதிருந்தாள்.

"அந்தப் பொண்ணு நம்ம ஜாடையா கீதுடி. எந்தக் குப்பம்?" என்று கேட்டாள்.

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அன்று அங்கே அழுதவர்கள் எல்லாரும் உண்மையாகத்தான் அழுதார்கள். எனக்கு இன்னும் கசப்பது அதுதான்.