எல்லைக் கொடி ஆண்டிச்சாமியும் எங்கள் ரோட்டுப் பந்தயமும்

டீக்கடை ஆண்டிச்சாமி இல்லை.

நேற்று சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றானாம். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது... காலையில் மாடு பழக்க ரோட்டில் போனபோது கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது, மருமகள் சரிபார்த்துப் போடுகிறாள். வழக்கமாக மாட்டு வீடியோ மட்டும் போடுகிறவன், இன்று இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வெளியூர் நண்பர்களுக்காக... மேலூர் தாண்டி எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் தார்ரோட்டில் மாட்டுவண்டிப் பந்தயம். கோயிலில் கிளம்பி, எல்லையில் வைத்திருக்கிற டிரம்மைச் சுற்றி, அதே ரோட்டில் திரும்பி வரவேண்டும்.

அந்த டிரம் இருப்பது ஆண்டிச்சாமி கடை வாசலில். பக்கத்தில் கொடியோடு நிற்பவன் அவன். டிரம்மைச் சுற்றாமல் உள்பக்கமாக அறுத்துத் திரும்புகிற வண்டியை அவன் விட்டதே இல்லை. சொந்தக்காரன் வண்டி என்றாலும்... என் வண்டி என்றாலும்.

அவனுக்கு நான் மாமா. எனக்கு அவன் மாப்ள.

தினமும் காலைப் பழக்கத்தில் அவன் கடையில் நிற்போம். எனக்கு டீ. மாடு ரெண்டுக்கும் தொங்குகிற வாழைத்தாரிலிருந்து ஆளுக்கு ஒரு பழம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

ஒரு வருடம் கூட்டம் ஜாஸ்தி என்று எல்லையைக் கடைக்கு அந்தப் பக்கம் பாலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே வேறு ஆள் கொடி பிடித்ததால் இவன் கடையில் இருந்தான். இப்போது மகன் ஓட்டுகிறான், அப்போது நான்தான் சாரதி. முதல் வண்டியாக வந்துகொண்டிருந்தேன்.

கடையைப் பார்த்ததும் மாடு நின்றது பாருங்கள்... அசையவில்லை.

ஆண்டிச்சாமி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "மாமா, நா ஒண்ணுமே காட்டலை. கமிட்டிக்காரவுக பாத்துக்கங்க."

"உள்ள போயிரு மாப்ள. ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நிக்கிது."

"என் மூஞ்சிக்கா நிக்கிது? தாருக்கு நிக்கிது. ஒரு பழத்தக் குடுத்து அனுப்பிரவா?"

"குடுத்துத் தொலைக்காத. பந்தயத்துல இருந்தே தூக்கிருவாய்ங்க."

மூன்று வண்டி எங்களைத் தாண்டிப் போனது. கடைசியில் அவன் உள்ளே போய் ஷட்டரைப் படாரென்று இழுத்து விட்டான். கடை அடைத்தாச்சு என்று தெரிந்ததும் என் மாடு கிளம்பியது. அன்றிலிருந்து என் வண்டிக்கு ஊரில் பேர் டீக்கடை ஜோடி. மாடு மாறியும் பேர் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை.

போன வருடம் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. டிரம் மறுபடி கடை வாசலுக்கே வந்திருந்தது. வீடியோ எடுக்க ரோட்டுக்குள் இறங்கிய ஒருவர் காலில் சக்கரம் ஏறிவிட்டது. ஆண்டிச்சாமி கொடியைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கி, கடை பெஞ்சில் கிடத்தி, தோள்துண்டால் காயத்தைக் கட்டினான். அவர் இப்போது நன்றாக நடக்கிறார்.

ஆனால் அன்றைக்குக் கமிட்டியில் இவன் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. "இனிமே ரோட்டுல வேணாம். கம்மாய்க்குள்ள கொண்டு போங்க."

விடிந்ததிலிருந்து வாட்ஸப் குரூப்பில் இந்த ஒரு வரியைத்தான் சுற்ற விடுகிறார்கள். அண்ணன் ஆசைப்படி இந்த வருடம் வற்றிக் கிடக்கிற கண்மாயில் நடத்துவோம் என்று... அவன் ஆசை அதுவல்ல. கூட இருந்தவன் சொல்கிறேன்.

கோபம் ஆறின பிறகு ஒரு நாள் அவன் செல்லில் ஒரு வீடியோ பார்த்தோம். மெட்ராஸில் ரோட்டை அடைத்துக் கார் ரேஸ் விட்டது. இரண்டு பக்கமும் தடுப்பு, வலை. ஜனமெல்லாம் அதற்கு அந்தப் பக்கம்.

"பாத்தீங்களா மாமா. அதுவும் ரோடுதான். ஒருத்தன் உள்ள நிக்கிறானா?"

"காரு வேற, மாடு வேற மாப்ள."

"ஆமா, காரு பழத்துக்கு நிக்காது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "மாடு ரோட்டுல ஓடட்டும் மாமா. மனுசன் எதுக்கு ரோட்டுல நிக்கணும்? வேலியக் கட்டுங்க, கொடிய நானே புடிக்கிறேன்."

நம்பாதவர்கள் கடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். சவுக்குக் கம்பு அளந்து வெட்டி அடுக்கி வைத்திருக்கிறான். கண்மாயில் பந்தயம் கேட்டவன் கடை வாசலுக்கு வேலிக் கம்பு எதற்குச் சேர்க்கிறான்?

கண்மாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதற்குச் செக்கு மாடு போதும். நீளமாகப் போய், எல்லையில் திருப்பி, களைத்த மாட்டை ஊர் கொண்டு வந்து சேர்ப்பதுதான் சாரதி வேலை. வழியில் இருக்கிற ஊரெல்லாம் அவரவர் வாசலில் நின்று பார்க்கும். அது ரோட்டில்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் இதையே சொல்லப் போகிறேன். ஒரு கம்பையும் கையில் கொண்டு போவேன்.

இன்று மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பந்தய ரோட்டு வழியாகத்தான் போகும். முடிந்தவர்கள் வாருங்கள்.

இன்னொன்று... காலையில் ஷட்டரைப் பார்த்ததும் மாடு நிற்காமல் போகப் பார்த்தது. மகன்தான் கயிற்றை இழுத்துப் பிடித்தான். நான் இறங்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மாப்ள, கம்பை நாங்கள் ஊன்றிக்கொள்கிறோம். இந்த வருடம் கொடி என் கையில். அறுத்துத் திரும்பினால் என் மகன் வண்டியையும் விடமாட்டேன்.

போயிட்டு வா.